எச்சில் படாத அறை

பாத்திரத்தின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் அவர் வாயை மூடிக்கொள்கிறார். முகக்கவசத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் உதடுகளை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்துக்கொண்டு, மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு விரலால் ஒருமுறை அழுத்திவிட்ட பிறகுதான் கை மூடிக்குப் போகிறது. எஃகுப் பாத்திரத்தில் பன்னிரண்டு லிட்டர் பசை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி எடுக்கிறார். சின்னச் சின்னக் குழிகள் உள்ள வெள்ளைப் பீங்கான் தட்டில் அதை வைத்து, மேலே ஒரு சொட்டு அயோடின் விடுகிறார். துளி கருநீலமாகிறது. மூடியைப் போட்டு, கொக்கியை மாட்டி, நான்கு அடி பின்னால் வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் உதடுகளுக்கு விடுதலை.

வயது ஐம்பத்து மூன்று. ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், நடைக்கூடத்தின் கடைசி அறையில், பதினைந்து வருடமாக ஆய்வக உதவியாளர். பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. புழக்கத்தில் இருப்பது பூட்டக்கா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள், அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அறை வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. மூடி திறந்திருக்கும்போது அதைத் தாண்டி உள்ளே வருகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சுவரோரம் தொங்கும் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், பாவம், அக்காவுக்குப் பேச்சு வராது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் கைச்சாடையிலேயே காலம் தள்ளினார். எட்டாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் அக்காவிடம் மாட்டினார். அன்றைக்கு அவர் மூன்று பேருந்துகளைத் தவறவிட்டார்.

அங்கேதான் வேடிக்கை. பூட்டக்கா பிறவியிலேயே வாயாடி. வேலை முடிந்து நிறுவனத்தின் வெளிக்கதவைத் தாண்டும்போதே முதல் வாக்கியம் ஆரம்பமாகிவிடும். யாரிடம் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. காவலாளியிடம் ஆரம்பித்ததைப் பேருந்து ஓட்டுநரிடம் தொடர்ந்து, மிச்சத்தை வீட்டுப் படியேறிக்கொண்டே கணவரிடம் முடிப்பார். காவலாளிக்கு எந்தக் கதையின் முடிவும் தெரியாது, கணவருக்கு எந்தக் கதையின் தொடக்கமும் தெரியாது. "எட்டு மணி நேரம் அடக்கி வச்சிருக்கேன்ல, கொட்டாம எங்க போறது?" என்பார். இப்படிப்பட்ட ஒருவரை இப்படிப்பட்ட ஒரு வேலையில் கொண்டுவந்து உட்கார வைத்தது யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

வேலை இதுதான். கிழங்கிலிருந்து எடுத்த மாவுப்பொருளைத் தண்ணீரில் காய்ச்சினால் பசையாகும். அந்தப் பசைக்குள் மாவுப்பொருளின் இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கின்றன. கை பொறுக்கும் சூட்டில் ஒரு நொதியைக் கலந்தால், அது கிளைகளை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டிவிடும். வெட்டுப்பட்ட நேர் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். ஆறு மணி நேரம் கழித்துக் கொதிக்க வைத்து நொதியின் வேலையை நிறுத்தி, தட்டுகளில் ஊற்றி, உறையவைத்து உலர்த்தினால், ரொட்டித் துண்டின் கனத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பஞ்சு கிடைக்கும். தீக்காயத்தின் மேலும் ஆறாத புண்ணின் மேலும் வைப்பதற்கான பஞ்சு. கசிவதைக் குடித்துக்கொள்ளும், புண் ஆற ஆற உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும். நிறுவனத்தின் வண்ணப் புத்தகம் இதை நான்கு பக்கத்தில் விளக்குகிறது. அக்காவுக்கு ஒரு வரி போதும். "ஒட்டும், ஆனா பிய்க்க வேணாம்."

பிய்ப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். கணவர் தையற்காரர். சர்க்கரை வியாதி, இடது கணுக்காலில் இரண்டு வருடமாக ஆறாத புண். தினமும் காலையில் அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் காலை மடியில் வைத்து, பழைய கட்டுத்துணியைப் பிரிப்பார். துணி சதையோடு ஒட்டியிருக்கும். அந்தப் பத்து நிமிடமும் அக்காவின் வாய் ஓயாது. மாடிவீட்டுக் குழாய் ஒழுகுவதில் ஆரம்பித்து, நாத்தனார் மகன் நல்ல வேலையை உதறிவிட்டு வந்த கதை வழியாக, எங்கெங்கோ போய்த் திரும்பும். "அவ பேசுற பேச்சுல வலி எங்க போச்சுன்னே தெரியாது. காதுதான் வலிக்கும்," என்கிறார் கணவர். துணி முழுதாக வந்துவிட்டால் கதையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நாத்தனார் மகனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "நாளைக்கு" என்று எழுந்து போய்விடுவார்.

வாய்க்குள்ளேயும் ஒரு நொதி இருக்கிறது. ரொட்டியை மெல்லும்போது இனிப்பது அதனால்தான். அதற்குக் கிளை எது, இழை எது என்ற விவஸ்தையெல்லாம் கிடையாது; கண்டதை வெட்டிப் போடும். ஒரு மனிதர் திறந்த பாத்திரத்தின் மேல் குனிந்து உற்சாகமாக நாலு வார்த்தை பேசினால், கண்ணுக்குத் தெரியாத எச்சில் தூறல் உள்ளே விழுகிறது. கை பொறுக்கும் சூட்டில் சில மணி நேரம் இருந்தால் போதும். இறுக வேண்டிய பசை சர்க்கரைத் தண்ணீராகிவிடும், அயோடின் விட்டாலும் நீலம் வராது.

இதை அக்கா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால், முகக்கவசம் என்ற பேச்சே அந்த அறையில் இல்லாத காலத்தில், தொடர்ந்து மூன்று தடவை பசை இறுகவில்லை. தண்ணீரைச் சந்தேகித்தார்கள். மாவைச் சந்தேகித்தார்கள். கடைசியில் நொதி மட்டம் என்று முடிவு கட்டி, அதைக் கொண்டுவந்து கொடுத்த விற்பனைப் பிரதிநிதியைக் கூப்பிட்டு வெளுத்து வாங்கினார்கள். ஒல்லியான மனிதர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பொட்டலங்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்கு மறுவாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஏழு நாள் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. மேசையடியில் மறந்து கிடந்த ஒரு பழைய பொட்டலத்தை எடுத்துப் போட்டார், அதே ஒல்லி மனிதர் கொடுத்த அதே நொதி. அந்த வாரம் பசை கல்லு மாதிரி இறுகியது. எட்டாம் நாள் குரல் வந்தது, பசை நீர்த்துப்போனது. மூன்று தடவையும் தான் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே பக்கத்து மேசைக்காரரிடம் மணிக்கணக்காகக் கதையளந்தது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கே போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திறக்கக் கூடாத இடத்தில் வாயைத் திறந்தவர், திறந்திருக்க வேண்டிய இடத்தில் மென்று முழுங்கிவிட்டார். அந்த ஒல்லி மனிதர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. மஞ்சள் கோடு அந்த மாதம்தான் போடப்பட்டது. யாராவது காரணம் கேட்டால், எச்சில் பட்டால் கெட்டுவிடும் என்பதோடு அக்கா நிறுத்திக்கொள்வார்.

இயக்குநரைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையாகாது, அவரும் வருத்தப்படுவார். போன வருடம் வந்தவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகப் பேசுவார், நிறையப் பேசுவார், நன்றி சொல்வதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பஞ்சை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், ஒரே மூட்டை மாவில் மூன்று பேட்ச் ஒரே மாதிரி வந்திருக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டும் அச்சில் வார்த்தது போல வந்துவிட்டன. மூன்றாவது பேட்ச் ஓடிக்கொண்டிருந்த அன்று பார்வையாளர்கள் வந்தார்கள்.

இயக்குநர் மஞ்சள் கோட்டைத் தாண்டி நேராகப் பாத்திரத்திடம் போனார். மூடியைத் தானே திறந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். போட்டிருந்தால் புகைப்படத்தில் முகம் தெரியாது என்பது அவர் கட்சி. பிறகு குனிந்து, உள்ளே விரலைக் காட்டிக் காட்டி, இருபது நிமிடம் பேசினார். மனிதகுலத்தின் காயங்கள் எல்லாம் அந்தப் பாத்திரத்துக்குள் ஆறிக்கொண்டிருந்தன. அக்கா வெள்ளைப் பலகையில் 'மூடி' என்று பெரிதாக எழுதித் தூக்கிப் பிடித்தார். இயக்குநர் அதைப் பார்த்தார், பெருந்தன்மையாகச் சிரித்தார், அக்காவைச் சற்று நகரச் சொன்னார், வெளிச்சத்தை மறைக்கிறாராம். அக்கா நகர்ந்தார். பதினான்கு வருடமாகப் பேசாத இடத்தில் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த துளி அயோடினில் பழுப்பாக வந்தது. மறுநாள் தட்டுகளைச் சாய்த்தால் பசை ஓரத்துக்கு ஓடியது.

பேட்ச் கெட்டால் அதற்கொரு படிவம் உண்டு. அதில் காரணம் என்ற கட்டத்தில் அக்கா, 'மூடி திறந்திருந்தபோது இருபது நிமிடம் பேச்சு' என்று எழுதினார். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி நல்ல பெண். கட்டங்களை நிரப்பாமல் விட்டால் மட்டும் அவருக்குத் தூக்கம் வராது. யார் பேசியது என்று எழுத வேண்டுமே என்றார். அக்கா எழுதினார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேச்சால்தான் கெட்டது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும், அதற்கும் ஆதாரம் வேண்டுமே என்றார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அக்கா உட்கார்ந்து, படிவத்தின் பின்பக்கம் முழுக்க, பதினான்கு வருடத்துக்கு முந்தைய கதையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒல்லி மனிதரையும் விடவில்லை.

உண்மை பேசினால் என்ன கிடைக்கும் என்பது மூன்றாம் நாள் தபாலில் ஒரு கடிதமாக வந்தது. இயக்குநர் படிவத்தின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் படித்திருந்தார். உதவியாளருக்குப் பேசிக்கொண்டே வேலை செய்யும் பழக்கம் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டிருப்பதால், இந்தத் தவறும் அவருடையதாகவே கருதப்படுகிறது. அதே மூட்டையில் இன்னும் ஒரு பேட்சுக்குத்தான் மாவு இருக்கிறது. அதுவும் கெட்டால் அவர் பொருள் கிடங்குக்கு மாற்றப்படுவார். கீழே 'அன்புடன்' என்று போட்டிருந்தது.

பொருள் கிடங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கேட்பதற்கு அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன.

மறுநாள் காலை அக்கா முக்காலியில் உட்கார்ந்து, கணவரின் காலை மடியில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் கட்டைப் பிரித்தார். துணி பாதி வந்தபோது கணவர் காலை இழுத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு வலித்தது.

"பேசு," என்றார் அவர்.

அக்கா பேசினார். கடிதம், இயக்குநர், படிவம் எல்லாம் சொல்லி, கடைசியில் கணவருக்கும் இதுவரை சொல்லாத அந்த ஒல்லி மனிதரையும் சொல்லி அழுதார். தப்பு செய்தது தான்தான், ஆனால் இந்தத் தப்பு தன்னுடையதில்லை, இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுத் தலையில் கட்டுகிறார்களே என்பதுதான் அவருக்குத் தாளவில்லை. அந்த அறையை விட்டுப் போகச் சொன்னால் செத்துப்போவேன் என்றார். அப்படியெல்லாம் சாக மாட்டார், ஆனால் சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

கணவர் துணியைப் பற்றித்தான் பேசினார்; அவருக்குத் தெரிந்தது அது. "துணி ஓட்டைன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்? வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக் காட்டணும்."

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேசைமேல் இரண்டு வட்டக் கண்ணாடித் தட்டுகள் இருந்தன. இரண்டிலும் இறுகிய மாவுப்பசை. ஒன்று இயக்குநருக்கு முன்னால், தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில். இன்னொன்று அக்காவுக்கு முன்னால். இயக்குநர் அதை ஏதோ புது மாதிரி என்று நினைத்து, ஒருமுறை கிட்டத்தில் குனிந்து பார்த்துப் பாராட்டவும் செய்தார். ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். அக்கா மூச்சு விடவில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டையும் மூடி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் காலை தரக்கட்டுப்பாட்டு அதிகாரியையும் கூட்டிக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போய், அவர் மேசைமேலேயே இரண்டிலும் அயோடினை ஊற்றினார். அக்காவின் தட்டு ஒரே நீலமாக இருந்தது. மற்றது பூச்சி அரித்த துணி. நீலத்துக்கு நடுவே சின்னதும் பெரிதுமாக நாற்பது ஐம்பது வெள்ளைப் பொட்டுகள்.

"இது யாரோடது?" என்றார் இயக்குநர்.

"உங்க முன்னாடி இருந்தது சார்."

இயக்குநர் அரை நிமிடம் பேசவில்லை. அந்த நிறுவனத்தில் அது ஒரு சாதனை. அதிகாரி கையோடு கொண்டுவந்திருந்த படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்தை அவசரமாக நிரப்பினார். பிறகு இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இதைத்தான் நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன்," என்றார்.

வாரம் முடிவதற்குள் எல்லா அறை வாசலிலும் 'பேச்சுக் கட்டுப்பாட்டு நெறிமுறை' என்று பெரிய எழுத்தில் அறிவிப்பு தொங்கியது. கீழே இயக்குநரின் கையெழுத்து, பக்கத்தில் அவர் புகைப்படம், முகக்கவசம் இல்லாமல்தான். அதற்கென்று ஒரு கூட்டம் கூட்டி, பேசாமலிருப்பதன் அவசியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஒருமுறை அக்காவின் பக்கம் கையைக் காட்டி, இந்த நெறிமுறையை நடைமுறைப்படுத்துவதில் உதவியவர் என்று குறிப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அக்கா அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டார். "அது ஃபைல்ல போயிடுச்சும்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். அடுத்த பேட்ச் நல்லா வந்துட்டா யாரு எடுத்துப் பார்க்கப்போறா?" என்றார் அவர். நல்லபடியாகத்தான் சொன்னார். கெட்டுவிட்டால் யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

கடைசி மாவில் ஓடுகிற பேட்சுக்கு இன்று ஐந்தாவது மணி நேரம். காலையில் கட்டு பிரிக்கும்போது அக்கா வழக்கத்தைவிட அதிகமாகவே பேசிவிட்டு வந்திருக்கிறார். நாத்தனார் மகனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்ற முடிவைக்கூடச் சொல்லிவிட்டார். நான்கு துளிகளும் கருநீலம். உதடுகளை மடித்துக்கொண்டு ஐந்தாவது துளிக்காக மூடியைத் திறந்து, பக்கத்தில் சாய்த்து வைக்கிறார். அப்போது நடைக்கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்கிறது. மருத்துவமனையிலிருந்து மூன்று மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள். இந்த பேட்ச் தேறினால் பஞ்சை நோயாளிகளின் புண்ணில் வைக்கப்போகிறவர்கள். முன்னால் இயக்குநர். நான்கு பேரும் முறையாக முகக்கவசம் போட்டிருக்கிறார்கள், வாசலில் அறிவிப்பை நின்று படிக்கிறார்கள், மஞ்சள் கோட்டைத் தாண்டுகிறார்கள், பாத்திரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதியில் இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்த நெறிமுறைய நாங்க எப்படிக் கொண்டு வந்தோம்னா..." என்று துணிக்குள்ளிருந்து ஆரம்பிக்கிறார். குரல் சரியாக எழும்பவில்லை. மருத்துவர்களில் ஒருவர் காதைச் சாய்க்கிறார். இயக்குநரின் விரல் முகக்கவசத்தின் விளிம்புக்குப் போகிறது, அதைத் தாடைக்கு இறக்குகிறது. பாத்திரத்தின் மேல் குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார்.

வெள்ளைப் பலகை எட்டும் தூரத்தில்தான் தொங்குகிறது. அக்கா அதன் பக்கம் திரும்பவில்லை. வலது கையில் குச்சி இருந்தபடியே இடது கையை நீட்டி, இயக்குநரின் தாடையில் கிடந்த முகக்கவசத்தைப் பிடித்து, வாய்க்கு மேலே, மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு, கம்பியை இரண்டு விரலால் அழுத்துகிறார். பிறகு அந்தக் கையின் கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.